ஐப்பசி இருமலுக்கு ஆடியிலே ஆயத்தம்

காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்துக்குக் குளிர்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. மார்கழி விடியலில் மப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு வரும் பெரியவர்களும், கோலம் போடும்போது முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொள்ளும் பெண்களும்தான் இங்கே குளிருக்குச் சாட்சி. ஆனால் இருமலுக்கென்று ஒரு காலம் உண்டு. அது மார்கழிவரை காத்திருப்பதில்லை. ஐப்பசியில் அடைமழை பிடித்து, வேகவதி ஆற்றங்கரை நனைந்து, வீட்டுக் கதவுகளையெல்லாம் சாத்திக்கொண்ட சில நாட்களிலேயே தெருவில் வீட்டுக்கு வீடு இருமல் கேட்கத் தொடங்கிவிடும்.

ஊர்க்காரர்கள் கண்டுவைத்திருக்கும் இந்தக் கணக்கு ஆய்விலும் பதிவாகியிருக்கிறது. 2009 முதல் 2013 வரை நாட்டின் பத்து மையங்களில் இன்ஃபுளுயன்சா காய்ச்சல் எந்த மாதத்தில் ஏறுகிறது என்று பார்த்து, 2015-இல் வெளியிட்டார்கள். தில்லி, லக்னோ, புனே, கொல்கத்தா போன்ற ஊர்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சம். ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர். காஞ்சிபுரம் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழைதான் நமக்குச் சளிக்காலம்.

தடுப்பூசி போட்டு உடம்பில் எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் பிடிக்கும். குழந்தைகளுக்கான சில ஊசிகள் மாதக்கணக்கில் தவணை தவணையாகப் போட வேண்டியவை. டிசம்பரில் "குளிர் வந்துடுச்சே, ஊசி போட்டுக்கலாமா?" என்று கேட்பவர் கதிர் அறுத்த பிறகு வேலி கட்டுகிறார். அதனால் இந்த ஊரில் ஆயத்தத்தை ஆடியில் தொடங்கிப் புரட்டாசிக்குள் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு மழை மட்டும் காரணமல்ல, தறியும் காரணம்.

ஆடியில் முகூர்த்தம் இல்லை, பட்டுக்குக் கேட்பு குறைவு. நெசவாளிக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைப்பது அப்போதுதான். ஆவணி பிறந்தால் முகூர்த்தப் புடவை, புரட்டாசியில் தீபாவளி ஆர்டர். அந்த நாட்களில் தறியை விட்டு இறங்கச் சொன்னால் யாரும் இறங்க மாட்டார்கள். புடவை முடிந்தால்தான் கூலி என்கிற தொழிலில், காலை பத்து மணிக்கு ஊசி முகாம் என்று அறிவித்துவிட்டுக் கூட்டம் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை.

பெயர் எழுதுதல்

முதல் வேலை ஊசியைத் தொடுவதல்ல, நோட்டைத் திறப்பது. யார் யாருக்குச் சளிக்காய்ச்சல் வந்தால் அது நெஞ்சுக்குள் இறங்கும் ஆபத்து அதிகம் என்று தெருவாரியாகப் பெயர் எழுத வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள், அதிலும் ஒரு வயது நிரம்பாதவர்கள். கர்ப்பிணிகள். அறுபத்தைந்து வயது தாண்டியவர்கள். எந்த வயதானாலும் சர்க்கரை, இதயநோய், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள்.

இந்தப் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்க வேண்டியதில்லை என்பதுதான் தமிழ்நாட்டில் நமக்கு இருக்கும் வசதி. அது மூன்று நோட்டுகளில் சிதறிக் கிடக்கிறது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் இருக்கிறார்கள். இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகள் அங்கன்வாடியின் பேரேட்டில். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குபவர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரின் நோட்டில். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக வந்தது. ஆனால் எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்ற விவரம் அதன் வழியே தானாகச் சேர்ந்துவிட்டது. இந்த மூன்று பேரும் ஒரு மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து மூன்று நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஊரின் பட்டியல் தயார். உட்கார வைப்பதுதான் கஷ்டம். மூன்று பேரும் வெவ்வேறு அதிகாரிக்குக் கணக்குச் சொல்பவர்கள். அதை ஊராட்சித் தலைவர் செய்யலாம், வட்டார மருத்துவ அலுவலர் செய்யலாம். செய்யாத ஊர்களில் மழை வந்த பிறகு ஆளாளுக்கு ஓடுவதைத்தான் பார்க்க முடியும்.

மூன்று நோட்டிலும் இல்லாத சிலர் உண்டு. ஆஸ்துமாவுக்குத் தனியாரிடம் மட்டும் போகிறவர். மகள் வீட்டுக்குப் பிரசவத்துக்கு உதவ வந்து தங்கியிருக்கும் பாட்டி. வேறு மாவட்டத்திலிருந்து வந்து தறிக் கொட்டகையில் குடும்பத்தோடு தங்கி நெய்பவர். இவர்களுடைய பெயரை வீடு வீடாகப் போய்க் கேட்டால்தான் எழுத முடியும்.

அட்டையைப் பார்த்தல்

அடுத்தது குழந்தைகளின் தடுப்பூசி அட்டை. நெஞ்சுச்சளி, மூச்சுத்திணறல் என்று மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகளுக்கு வைரஸ் மட்டுமே காரணமல்ல. நிமோகாக்கஸ், ஹீமோபிலஸ் என்ற பாக்டீரியாக்கள், கக்குவான் இருமல், தட்டம்மைக்குப் பின்னால் வரும் நிமோனியா என்று வரிசையாக உண்டு. இவற்றில் பலவற்றுக்கு அரசே இலவசமாக ஊசி போடுகிறது.

ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியை 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும். தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றோடு ஹீமோபிலஸும் அதில் அடக்கம். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போட வேண்டும். நிமோகாக்கஸுக்கான ஊசி (அட்டையில் பி.சி.வி. என்று இருக்கும்) 2021 ஜூலையில் தமிழ்நாட்டில் அரசுத் திட்டத்துக்குள் வந்தது. அதுவரை வசதியுள்ளவர்கள் தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போட்டுக்கொண்ட ஊசி அது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தவணை. ஒன்பதாவது மாதத்திலேயே தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ திரவமும். ஒன்றரை வயதை ஒட்டி மறுபடி தட்டம்மை-ரூபெல்லா, முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணை. ஐந்து வயதில் இன்னொன்று.

ஆடி மாதத்தில் இந்த அட்டைகளை எடுத்துப் பார்த்தால் எங்கே ஓட்டை என்று தெரியும். என் கண்ணில் அதிகம் படும் ஓட்டை ஒன்றரை வயது ஊசி. முதல் வருடம் முழுக்கத் தாய் தவறாமல் வருகிறாள், முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் தவணைப் பணமும் குழந்தையின் ஊசியோடு பிணைந்திருக்கிறது. ஒன்பது மாத ஊசி முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் வீட்டில் வந்துவிடுகிறது. அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது.

தவறிய தவணையைப் பிடித்துவிடலாமா என்பது ஊசிக்கு ஊசி வேறுபடும். பென்டாவையும் பி.சி.வி.யையும் ஒரு வயது நிறைவதற்குள் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கியிருந்தால் பின்னால் தொடர்ந்து முடிக்கலாம், முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. தட்டம்மை-ரூபெல்லாவுக்கு அரசுத் திட்டத்தில் ஐந்து வயதுவரை இடமுண்டு. "நாள் தவறிடுச்சு, இனி போட மாட்டாங்க" என்று பயந்து வராமலே இருக்கும் அம்மாக்களுக்கு இதை முதலில் சொல்ல வேண்டும். திட்டுவது பிறகு இருக்கட்டும். முடிந்தால் திட்டாமலே விட்டுவிடலாம்.

புதன்கிழமை

தமிழ்நாட்டில் புதன்கிழமை ஊசி நாள். அன்றைக்குத் துணை சுகாதார நிலையத்தில் நடப்பதை நிதானமாக நின்று பார்த்தவர்கள் குறைவு. ஊசி குத்தும் அந்த ஐந்து விநாடிக்கு முன்னால் நடக்கும் வேலைதான் அதில் பெரிது.

தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டியிலிருந்து கிளம்பும்போது அவற்றை நீல நிறக் கைப்பெட்டிக்குள் வைப்பார்கள். நான்கு பக்கமும் நான்கு ஐஸ் பேக். அந்த ஐஸ் பேக்கை உறைபெட்டியிலிருந்து எடுத்த உடனே வைத்துவிடக் கூடாது. மேசைமேல் பரப்பி வைத்து, மேல்புறம் வியர்த்துச் சொட்டுச் சொட்டாக நீர் கோத்து, எடுத்துக் காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். கல்லாக உறைந்த ஐஸோடு பென்டா பாட்டிலை வைத்தால் ஊசி மருந்து உறைந்து வீணாகிவிடும். பி.சி.வி.க்கும் அப்படித்தான். வெயிலில் கெடுவதற்கு எல்லோரும் பயப்படுகிறோம். குளிரில் கெடுவதைப் பலர் யோசிப்பதில்லை. ஆனால் அனுபவமுள்ள செவிலியர் எவ்வளவு அவசரமானாலும் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்காமல் பெட்டியை மூட மாட்டார்.

பாட்டிலின் மேல் ஒரு சின்ன வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நல்லது. வெப்பம் பட்டுப் பட்டுச் சதுரம் கறுத்து வட்டத்தின் நிறத்துக்கே வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். பெற்றோர் "காட்டுங்கம்மா" என்று கேட்டுப் பார்க்கலாம், தவறே இல்லை. தட்டம்மை ஊசி பொடியாக வரும். அதற்கென்று தரப்பட்ட திரவத்தில் கலக்கிய நேரத்தைப் பாட்டிலில் எழுதி, நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மீந்ததை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆறாவது வாரக் குழந்தைக்கு இடது தொடையில் பென்டா, வலது தொடையில் பி.சி.வி., கையில் போலியோ ஊசி, வாயில் சொட்டு மருந்துகள்.

"ஒரே நாள்ல மூணு குத்தா நர்சம்மா? பச்சை உடம்பு, தாங்குமா?"

"தாங்கும் கண்ணு. மூணு புதன்கிழமை தறியை விட்டுட்டு நீ தூக்கிட்டு வர்றதுக்கு ஒரே நாள்ல முடிச்சிடலாம். சேர்த்துப் போட்டா ஒண்ணுக்கொண்ணு இடைஞ்சல் இல்ல."

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அரிதாக வரும் ஒவ்வாமை அந்த நேரத்துக்குள் வெளிப்படும், அதற்கான மருந்தும் அங்கே இருக்கிறது. போட்ட ஊசி எது, இரவு காய்ச்சல் வந்தால் என்ன கொடுப்பது, அடுத்த தேதி என்ன, அட்டையைப் பத்திரமாக வை என்ற நான்கையும் செவிலியர் சொல்ல வேண்டும். ஊசி போட்ட இடத்தில் எண்ணெய் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம்.

பெரியவர்களுக்கான ஊசி

இங்கேதான் அரசுத் திட்டம் மெலிகிறது. இன்ஃபுளுயன்சா தடுப்பூசி தேசிய தடுப்பூசி அட்டவணையில் இல்லை. மருத்துவப் பணியாளர்களுக்கு முன்னுரிமை, கர்ப்பிணிகள், முதியோர், நாட்பட்ட நோயாளிகள் போட்டுக்கொள்வது நல்லது என்பது வழிகாட்டுதல். ஆனால் பெரும்பாலோர் கைக்காசு கொடுத்துத் தனியாரிடம்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு முதல் இரண்டாயிரம் ரூபாய் ஆகிறது. ஒரு நெசவுக் குடும்பத்தில் தாத்தா, பாட்டி, சர்க்கரை உள்ள அப்பா என்று மூன்று பேருக்குப் போடுவதென்றால் அது சின்னத் தொகை இல்லை. யாருக்காவது ஒருவருக்குத்தான் முடியும் என்றால் நெஞ்சு நோயோ இதய நோயோ உள்ளவருக்கு முதலில் போடச் சொல்வேன். கைக்குழந்தை உள்ள வீட்டில் தாய்க்குப் போடுவது இரட்டைப் பலன், ஏனென்றால் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்த ஊசியே கிடையாது. கர்ப்ப காலத்தில் போட்டுக்கொண்டால் தாயின் எதிர்ப்பு குழந்தைக்கும் போகிறது.

இந்த ஊசி வருடாவருடம் மாறும். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால், உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்குமாக எந்த வகைகளைச் சேர்ப்பது என்று அறிவிக்கிறது. பிப்ரவரியில் அறிவித்தது ஆவணி வாக்கில் கடைக்கு வரும். நம் ஐப்பசி உச்சத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. போகும்போது "புது வருஷத்து மருந்தா?" என்று கேட்டு, பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆண்டையும் காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள். போன வருடம் போட்டது இந்த வருடத்துக்கு உதவாது. ஒன்பது வயதுக்குக் கீழுள்ள குழந்தை முதன்முறையாகப் போட்டுக்கொண்டால் நான்கு வாரம் கழித்து இரண்டாவது தவணை உண்டு. அதனால்தான் குழந்தைகளை இன்னும் முன்னதாகவே அழைத்துப் போக வேண்டும்.

திருப்பருத்திக்குன்றத்தில் குறிப்பாக எழும் ஒரு கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. ஜின காஞ்சி என்று பெயர் பெற்ற ஊர் இது. திரைலோக்கியநாதர் கோயிலில் விஜயநகரத் தளபதி இருகப்பர் 14-ஆம் நூற்றாண்டில் கட்டிய சங்கீத மண்டபத்து விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறு ஓவியமாக நிற்கிறது. தமிழ்ச் சமணக் குடும்பங்களில் முட்டை சேராது. இன்ஃபுளுயன்சா ஊசிகளில் பெரும்பாலானவை கோழிமுட்டைக் கருவில் வைரஸை வளர்த்துத் தயாரிப்பவை. பிறகு சுத்திகரித்து, கொன்று, துண்டாக்கித்தான் ஊசியாக்குகிறார்கள் என்றாலும் தொடக்கம் முட்டைதான். கேட்கும் குடும்பத்திடம் இதை மறைக்கக் கூடாது. வேண்டாம் என்று முடிவெடுத்தால் அது அவர்கள் உரிமை. அந்த வீட்டு முதியவரைச் சுற்றியிருக்கும் மற்றவர்கள் போட்டுக்கொள்வதும், காய்ச்சல் கண்ட முதல் நாளிலேயே மருத்துவரிடம் போவதும் அப்போது கூடுதல் முக்கியமாகிறது. குழந்தைக்குப் போடும் பென்டாவும் பி.சி.வி.யும் முட்டையில் வளர்ப்பவை அல்ல. அந்த ஊசிகளுக்கு இந்தத் தயக்கம் தேவையே இல்லை.

தறி வீடு

ஊசி பாதிப் பாதுகாப்பு. மீதி காற்றில் இருக்கிறது. காஞ்சிபுரம் தறி வீட்டின் அமைப்பே மழைக்காலத்தில் சளிக்குச் சாதகமாகிவிடுகிறது. வீட்டின் முன்கூடத்தில் தறி, காலை இறக்கிக்கொள்ள தறிக்குழி. மழை பெய்தால் குழியில் ஈரம் கசியும், பெருமழையில் தண்ணீரே ஊறும். பட்டு ஈரம் வாங்கினால் பாவு சொன்னபடி கேட்காது, இழை அறும். அதனால் ஜன்னலைச் சாத்தி, வாசலில் தார்ப்பாய் கட்டி, உள்ளே ஒரு குண்டு பல்பைப் போட்டுக்கொண்டு நெய்கிறார்கள். கோர்வைப் புடவை என்றால் கரைக்கு நாடா எறிய இன்னொருவர் வேண்டும். இருவரும் தோளோடு தோள் உரச, நாள் முழுக்க, சாத்திய அறையில். ஒருவர் இருமினால் இன்னொருவருக்கு வராமல் என்ன செய்யும்?

ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று பொதுவாக அறிவுரை சொல்லிவிட்டுப் போவது சுலபம். பட்டு நனைந்தால் நஷ்டத்தை யார் கொடுப்பது? அதனால் மழை விட்ட இடைவெளியில், சாப்பாட்டுக்கு இறங்கும் நேரத்தில், பாவின்மேல் துணியைப் போர்த்திவிட்டு எதிரெதிர்க் கதவுகளை அரை மணி நேரம் திறந்து விடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். கூரைக்கு அருகே சுவரில் ஒரு சின்ன எக்ஸாஸ்ட் விசிறி வைத்துவிட்டால் இன்னும் நல்லது, சாரலும் உள்ளே வராது. தறிக்குழியின் கசிவை ஐப்பசிக்கு முன்பே சிமெண்ட் பூசி அடைத்துக்கொள்ள வேண்டும். ஈரக் குழியில் பூஞ்சணம் பிடித்தால் ஆஸ்துமாக்காரருக்கு அதுவே போதும். இருமல் கண்டவர் கோர்வைக்கு உட்காராமல் சில நாள் தனியாகச் செய்யக்கூடிய வேலையைப் பார்க்கலாம், நூல் சுற்றுவது மாதிரி. உட்கார்ந்தே ஆக வேண்டுமென்றால் இருவரும் முகக்கவசம்.

புகை இன்னொன்று. சாப்பாடு எரிவாயுவில் ஆனாலும் வெந்நீருக்கு விறகடுப்பு பல வீடுகளில் மழைக்காலத்தில் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கைக்குழந்தை உள்ள வீட்டில் அதைத் தாழ்வாரத்தோடு நிறுத்துங்கள். ஊரில் இருக்கும் நகரக் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தால் எழும் புகை தனிக்கதை. அது வீட்டுக்காரர் கையில் இல்லை. குப்பையை ஒழுங்காகப் பிரித்து அகற்றுவதும் தீப்பிடிக்காமல் காப்பதும் மாநகராட்சியின் வேலை. சளிக்கால ஆயத்தப் பட்டியலில் அதையும் எழுதி மனுவாகக் கொடுப்பதில் தவறில்லை.

கூட்டம்

2019-இல் அத்திவரதர் தரிசனத்துக்கு 48 நாட்களில் ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்ததைப் பார்த்த ஊர்க்காரர்களுக்குக் கூட்டம் புதிதல்ல. ஆனால் சளிக்காய்ச்சலுக்குப் பெரிய திறந்தவெளிக் கூட்டத்தைவிடச் சின்ன மூடிய கூட்டம் மோசம். கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டு, ஒரு வேனில் பதினைந்து பேர் ஏறி, மழைக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, சரணம் சொல்லிக்கொண்டே சபரிமலைக்குப் போகிற பயணத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் இருந்தாலும் திரும்பி வருவதற்குள் பாதி வேனுக்கு வந்திருக்கும். பிறகு அது அவரவர் வீட்டுக்கு. காய்ச்சல் உள்ளவரை அடுத்த குழுவோடு வரச் சொல்வதும், கண்ணாடியை நான்கு விரல் இறக்கி வைப்பதும் குருசாமியின் பொறுப்பு. காந்தி சாலைப் பட்டுக்கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் இதே சங்கதிதான்.

மழைக்காலத்தில் ஊர் ஊராக அலையாமல் ஓரிடத்தில் தங்கிவிடும் சாதுர்மாசியம் என்ற நெறி சமணத் துறவிகளுக்கு உண்டு. சிற்றுயிர்களை மிதித்துவிடாமல் இருக்க ஏற்பட்டது அது. கிருமிக்காக யாரும் யோசித்ததில்லை. ஆனாலும் முடியாதவர்கள் அந்த மாதங்களில் கொஞ்சம் அலைச்சலைக் குறைத்துக்கொள்வதற்கு அதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளலாம்.

முகக்கவசம் கொரோனாவோடு போய்விட்ட பொருள் அல்ல. 2025 ஜனவரியில் எச்.எம்.பி.வி. தொற்று சென்னையிலும் சேலத்திலும் கண்டறியப்பட்டபோது பேச்சு மறுபடி அங்கேதான் வந்து நின்றது, ஏனென்றால் அந்த வைரஸுக்குத் தடுப்பூசி கிடையாது. ஊசி இல்லாத கிருமிக்குத் துணி, காற்று, கை கழுவுதல் மூன்றும்தான் மிச்சம்.

காய்ச்சல் வந்த பிறகு

எவ்வளவு செய்தாலும் சிலருக்கு வரத்தான் செய்யும். அப்போது எல்லோரும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை, எல்லோரும் வீட்டில் கிடக்கவும் கூடாது. சுகாதாரத் துறை மூன்று வகையாகப் பிரிக்கிறது. லேசான காய்ச்சல், இருமல், உடம்புவலி முதல் வகை. பரிசோதனை தேவையில்லை, ஓய்வு, பாராசிட்டமால், தண்ணீர். கடும் காய்ச்சல், அல்லது லேசாக இருந்தாலும் கர்ப்பிணி, குழந்தை, முதியவர், சர்க்கரைக்காரர் என்றால் இரண்டாம் வகை. மருத்துவர் ஓசல்டாமிவிர் எழுதிக் கொடுப்பார். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதற்கு முழுப் பலன். ஆடியில் எழுதிய பட்டியல் இங்கேதான் காசாகிறது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலம் என்றால் மூன்றாம் வகை. யோசிக்காமல் 108.

குழந்தைக்கு மூச்சை எண்ணத் தெரிந்திருப்பது ஒவ்வொரு தாய்க்கும் அவசியம். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்குவது கணக்கைக் கெடுக்கும். இரண்டு மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40. இதைத் தொட்டாலே, தாண்டினாலே மூச்சு வேகமென்று பொருள். அதோடு மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தாலோ மறுநாள் காலைவரை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. நிமோனியாவுக்காக 2019 முதல் மத்திய அரசு நடத்தும் 'சான்ஸ்' இயக்கம் நவம்பர் 12-இல் தொடங்கிப் பிப்ரவரிவரை சுகாதாரப் பணியாளர்களை இந்த எண்ணிக்கைக்காகவே வீடுகளுக்கு அனுப்புகிறது.

நொச்சி ஆவி பிடிப்பதும் கஷாயம் குடிப்பதும் மூக்கடைப்புக்குச் சுகம் தரும், பெரியவர்கள் செய்துகொள்ளட்டும். குழந்தைகளைக் கொதிக்கும் பாத்திரத்துக்கு மேல் குனிய வைக்க வேண்டாம். வெந்துபோன பிள்ளைகள் வார்டில் உண்டு. இன்னொரு பழக்கத்தை நான் கடுமையாகவே எதிர்ப்பேன்: மருந்துக்கடையில் "சளிக்கு ஒரு அஞ்சு மாத்திரை கொடுங்க" என்று ஆன்டிபயாட்டிக் வாங்குவது. வைரஸை அது தொடாது. நாளைக்கு நிஜமாகவே நிமோனியா வந்தால் அன்று அந்த மருந்து கேட்காது.

மழைக்காலக் காய்ச்சலெல்லாம் சளிக்காய்ச்சல் அல்ல. டெங்குவும் எலிக்காய்ச்சலும் இதே மாதங்களில்தான் வரும். இருமல், மூக்கொழுகல் இல்லாமல் காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை வேண்டும். அதேபோல இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை. அரசு நிலையங்களில் இரண்டும் இலவசம். கொசுப்புகை அடித்துவிட்டுக் காய்ச்சலுக்கு நடவடிக்கை எடுத்தாகிவிட்டது என்று சொல்லும் பழக்கம் உள்ளாட்சிகளில் இருக்கிறது. டெங்குவுக்கு அது ஓரளவு சரி, இன்ஃபுளுயன்சாவுக்கு அந்தப் புகையால் ஒரு பயனும் இல்லை, ஆஸ்துமாக்காரருக்கு உபத்திரவம்தான்.

ஊருக்குள் காய்ச்சல் கூடுகிறது என்பதை முதலில் கண்டுபிடிப்பது ஆய்வகமல்ல, பள்ளி வருகைப் பதிவேடு. ஒரே வகுப்பில் ஒரே வாரத்தில் ஐந்தாறு பிள்ளைகள் காய்ச்சலால் வரவில்லை என்றால் தலைமையாசிரியர் செவிலியருக்கு ஒரு போன் போட வேண்டும். கைத்தறிக் கூட்டுறவு சங்கத்துக்குப் புடவை கொண்டுவருபவர்கள் குறைந்தால் அங்கும் அப்படியே. தகவல் போனால்தான் முகாம் வரும். 2023 மார்ச்சில் எச்3என்2 வகை இன்ஃபுளுயன்சா பரவியபோது ஒரே நாளில் மாநிலம் முழுக்க ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தினார்கள், அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையின்போது வாராவாரம் நடத்தினார்கள். நெசவாளர் தெருவுக்கு முகாம் வருவதானால் மாலை ஐந்து மணிக்கு மேல் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். தறி நிற்கும் நேரம் அது.

தை

போகியன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காமல் விட்டால் அந்த வாரம் நெபுலைசருக்கு வரும் வரிசை குறையும். தை பிறந்ததும் மழையும் ஓய்ந்து, காய்ச்சலும் இறங்கும். அப்போது அந்த நோட்டை மறுபடி ஒருமுறை எடுக்க வேண்டும். ஆடியில் கைக்குழந்தையாக இருந்ததால் இன்ஃபுளுயன்சா ஊசி போட முடியாமல் போனவர்கள் இப்போது ஆறு மாதம் தாண்டியிருப்பார்கள், அவர்களில் சிலருக்கு ஒன்பது மாத ஊசி நாளும் நெருங்கியிருக்கும். புதிதாகச் சர்க்கரை கண்டவர்கள், நவம்பரில் நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் படுத்தெழுந்தவர்கள், மழையோடு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் என்று பெயர்களைச் சேர்த்து, தேதி போட்டு, அங்கன்வாடி அலமாரியில் வைத்துவிடலாம்.